விட்டுக்கொடுக்காமை என்னும் வேதச் சொல்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, அருளுரையால் எங்கள் அகத்தை நனைத்து அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, முடி நரைத்தும் மொழி நரைக்காத மூத்தோர்களே, பெற்றதனால் மட்டுமல்ல, பொறுத்ததனாலும் தாயான தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் கடைசியில் சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்கும் தம்பிமார்களே, முன்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் பகையாளியே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஏன் இந்தச் சலசலப்பு? பகையாளி என்றுதான் சொன்னேன். ஒலிபெருக்கியில் கோளாறு இல்லை.

சற்று முன்னால் நம் தலைவர் என்ன சொன்னார்? "நம் சங்கம் கட்டியிருக்கும் இந்த முதியோர் இல்லத்தில் முதல் ஆளாகக் காலெடுத்து வைக்கப்போகிறவர் இவர். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இவ்வுலகில் ஒருவரும் இல்லாதவர்" என்றார். நீங்களும் உச்சுக்கொட்டினீர்கள். சக்கர நாற்காலியில் ஒருத்தியைத் தள்ளிக்கொண்டு வந்து, மடியில் ஒரு துணிப்பையோடு இந்த மேடைக்குக் கீழே நிறுத்தினார்கள். கூட்டம் முடிந்ததும் அவளை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கையைக் காட்டுவார்கள். அவள் யார் என்று நினைக்கிறீர்கள்? என் சித்தி. என் அப்பாவுடன் பிறந்த தம்பியின் மனைவி.

வெளியூரிலிருந்து காலையில் ரயிலேறி வந்தவள் நான். அவள் விழுந்ததும் தெரியாது, இடுப்பு எலும்பு முறிந்ததும் தெரியாது, இங்கே வந்ததும் தெரியாது. உங்களோடு சேர்ந்து உட்கார்ந்துதான் நானும் தெரிந்துகொண்டேன். தலைவர் ஐயா, நீங்கள் கையைப் பிசைய வேண்டாம். உங்கள் மேல் குற்றமில்லை. மருத்துவமனையில் "உங்களுக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டிருப்பார்கள். "யாருமில்ல" என்று அவளே சொல்லியிருப்பாள். அவள் வாயை எனக்குத் தெரியாதா? அவள் சொன்னது மெய்யா பொய்யா என்பதற்கும் நீங்கள் எனக்குக் கொடுத்த தலைப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் மனப்பாடம் செய்து வந்ததை மடித்து வைத்துவிட்டு வேறு பேசுகிறேன்.

'அவள், அவள்' என்கிறாளே, வயதானவளுக்கு மரியாதை இல்லையே என்று அந்தப் பெரியவர் முகம் சுளிக்கிறார். ஐயா, என்னைப் பெற்றவளையும் நான் 'அவள்' என்றுதான் சொல்வேன். நெருங்கின ஆட்களுக்கு என் வாயில் 'ர்' வராது. 'ள்'தான் வரும். யாருக்காவது நான் 'ர்' போட்டால் அவர் எனக்குத் தூரம் என்று பொருள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

மேடை எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடம்தான் பழக்கமில்லை. ஆகவே போதகர் ஐயா தொலைபேசியில் கூப்பிட்டு, "எபிரெயத்துல ஹெசெத்னு ஒரு சொல் இருக்கும்மா, அதைப் பத்தி நீங்க பேசணும்" என்றபோது என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"கெசட்டா? யாரு பேரை மாத்தியிருக்காங்க?" என்றேன்.

ஐயா சிரித்துவிட்டார். இப்போதும் சிரிக்கிறார், பாருங்கள். சிரித்து முடித்து, எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஹெ, செ, த்.

"அதுக்குத் தமிழ்ல என்னய்யா?"

"ஒரு இடத்துல கிருபைன்னு போட்டிருக்கு. ஒரு இடத்துல தயவு. ஒரு இடத்துல இரக்கம். மாறாத அன்புன்னும் சொல்றாங்க."

"ஒரு ஆளுக்கு இத்தனை சட்டையா?"

"எந்தச் சட்டையும் அளவா உக்காரலம்மா. அதான் உங்களைக் கூப்பிடறேன்."

அன்று முதல் அந்தச் சொல் என் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. அன்பு என்றால் போதாதா? போதாது. அன்பு பிடித்தால் வரும், பிடிக்காவிட்டால் வராது. இரக்கம் போதாதா? போதாது. இரக்கம் மேலே நின்று கீழே பார்க்கும். தயவு போதாதா? அது வாசல்வரை வந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். இந்தச் சொல் திரும்பிப் போகாதாம். கட்டிய கட்டை அறுக்காதாம். வேதத்தில் கடவுள் தம் மக்கள்மேல் எத்தனை முறை சினக்கிறார், எத்தனை முறை குறை சொல்கிறார், பெற்ற தாய் புலம்புவதுபோல் எத்தனை முறை புலம்புகிறார். எல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு, கையை மட்டும் விடமாட்டார். கோபம் வரும், பிடி தளராது. அதுவாம் ஹெசெத்.

அதே வேதத்தில் ஒரு மாமியார் வருகிறாள். புருஷனையும் பறிகொடுத்து, பிள்ளைகளையும் பறிகொடுத்தவள். மருமகளைப் பார்த்து, "போம்மா, உன் தாய் வீட்டுக்குப் போ" என்று துரத்துகிறாள். மருமகள் போகவில்லை. ஒட்டிக்கொண்டாள். அந்த மாமியார் இனிமையாகப் பேசினாளா? இல்லையே. "என்னைக் கசப்பு என்று கூப்பிடுங்கள்" என்று ஊருக்கே அறிவித்தவள் அவள். கடவுள்மேலேயே வருத்தம் வைத்திருந்த கிழவி. தேனில் ஈ ஒட்டும், அது அதிசயமா? கசப்பில் ஒருத்தி ஒட்டினாளே, அதுதான் அதிசயம்.

கதையில் ஒட்டலாம், நிஜத்தில் யார் ஒட்டுவார்கள் என்று கேட்பீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீடு ஒரு சலவைக் கடை. முன்னறையில் நீளமான இஸ்திரி மேசை, பின்கட்டில் வெந்நீர் அண்டா. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய கடை. இரண்டு பேரும் அடுத்தடுத்துக் கண்ணை மூடிவிட்டார்கள். மிஞ்சியது அம்மா, சித்தி, நான். சித்திக்குப் பிள்ளை இல்லை. ஊருக்குள் பெரிய விடுதி ஒன்று இருந்தது. அதன் விரிப்புகளும் தலையணை உறைகளும் தங்க வருகிறவர்களின் உடுப்புகளும் எங்களிடம்தான் வரும். அந்த ஒரு விடுதியால்தான் அடுப்பு எரிந்தது.

சித்திக்குத் தெருவில் வைத்த பெயர் ரேடியோ. அணைக்கும் பொத்தான் இல்லாத ரேடியோ. பொய் பேசமாட்டாள், அது அவளுடைய நல்ல குணம். உண்மையை எங்கே பேசக்கூடாதோ அங்கே பேசுவாள், அது அவளுடைய இன்னொரு குணம்.

எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையும் அவர் தாய் தகப்பனும் வந்து பேசி முடிக்கிற நேரம். வெளியே செருப்பைக் கூட மாட்டிவிட்டார்கள். அப்போது இந்தப் புண்ணியவதி வாயைத் திறந்தாள்.

"பொண்ணு தங்கம். என்ன, இடது காது மட்டும் கொஞ்சம் மந்தம். அந்தப் பக்கம் நின்னு ரகசியம் பேசிடாதீங்க மாப்பிள்ளை" என்றாள்.

அவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போனார்கள். திரும்பி வரவில்லை.

அன்று அவள் கத்திரிப்பூ நிறத்தில் உடுத்தியிருந்தாள். கதவு நிலையில் வலது கையை ஊன்றியிருந்தாள். நகத்தில் நீலம் ஒட்டியிருந்தது. நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயா சித்தி? எனக்குக் காதுதான் மந்தம்.

அன்றைக்கு அம்மா, சித்தியிடம் பேச்சை நிறுத்தினாள். ஆனால் கடை நடக்க வேண்டுமே? ஒரே கூரை, ஒரே உலை, ஒரே மேசை. மேசையின் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் சித்தி. நடுவில் பேச்சுவார்த்தை நடத்தியது சுவர்.

"காலர்ல சுருக்கம் போகலைன்னு சுவத்துக்குத் தெரியுதா?" என்பாள் அம்மா.

"சுவத்துக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. சொல்றவங்க மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கட்டும்" என்பாள் சித்தி.

"சுவத்துக்கு வாய் ரொம்ப ஆகாது."

"சுவர் அப்படிப்பட்ட வீட்டுல வாக்கப்பட்டிருக்கு."

சிரியுங்கள், சிரியுங்கள். எங்களுக்கு அது சிரிப்பாக இல்லை. ஊரே அம்மாவுக்குப் புத்தி சொன்னது. "அவ புருஷனும் போயிட்டான், பிள்ளையும் இல்ல. உன் பொண்ணு வாழ்க்கையையும் கெடுத்தா. எதுக்கு வச்சிருக்க? அனுப்பிவிடு." அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் முடிவதற்குள் அது நடந்தது.

ஒரு பிற்பகல். விடுதி மேலாளர் வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர். விடுதியில் தங்கியிருந்த ஒரு பெரிய மனிதரின் கோட்டுப் பையில் கைக்கடிகாரம் இருந்ததாம். கோட்டு திரும்பி வந்தது, கடிகாரம் வரவில்லையாம். எங்கள் கடையில் உடுப்பு வந்ததும் பைகளைத் துழாவிப் பார்த்துத் தனியே எடுத்து வைப்பது யார் வேலை? சித்தியின் வேலை.

சித்தி கையில் சூடான பெட்டியோடு நின்றாள். ரேடியோ அணைந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மேலாளர் அம்மாவைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லார் முன்னாலும்தான் சொன்னார். மிக மிக மரியாதையாகச் சொன்னார்.

"அம்மா, உங்க மேல எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்ல. உங்களுக்கும் இவங்களுக்கும் பேச்சே இல்லைன்னு தெருவுக்கே தெரியும். 'எனக்கு ஒண்ணும் தெரியாது, அவளையே கேட்டுக்குங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நகர்ந்துக்குங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம். உங்க தொழிலுக்கு ஒரு குறையும் வராது."

கவனித்தீர்களா தாய்மார்களே? பொய்சாட்சி சொல்லச் சொன்னாரா? இல்லை. பழி போடச் சொன்னாரா? இல்லை. நகர்ந்துகொள்ளச் சொன்னார். உலகத்தில் பெரிய துரோகம் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. யாரும் கத்தியை எடுப்பதில்லை. ஓர் அடி நகர்ந்துகொள்கிறார்கள்.

தலையணை உறை மடித்துக்கொண்டிருந்த என் மனம் என்ன சொன்னது தெரியுமா? சொல்லு அம்மா, சொல்லிவிடு, தானாக வந்த நியாயம் என்றது. இன்று கேட்டாலும் அது நியாயம் என்றுதான் சொல்வேன். எனக்கு வெட்கமில்லை.

அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பேச்சு நின்ற நாளிலிருந்து அவள் மேசையின் அந்தப் பக்கம் போனதே இல்லை. அன்று சுற்றிக்கொண்டு போனாள். சித்தியின் தோளோடு தோள் இடிக்க நின்றாள். சித்தியைப் பார்க்கவில்லை. மேலாளரைப் பார்த்துச் சொன்னாள்.

"இவளுக்கு நாக்குதான் நீளம். கை நீளம் கிடையாது. நாக்குக்கு நான் தண்டனை குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்கு உங்க ஒத்தாசை வேணாம்."

"அப்ப எங்க துணியெல்லாம் இனிமே வேற இடத்துக்குப் போகும்மா."

"போகட்டும்."

போலீஸ்காரர் கேட்டார், "இவங்களுக்கு நீங்க பொறுப்பா?"

"எங்க வீட்டு ஆளு. கூட்டிட்டுப் போறதுன்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு விரிப்பு மிச்சம் இருக்கு, தேய்ச்சுக் குடுத்துட்டு வந்துடறோம்."

இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போக அந்தப் போலீஸ்காரருக்கு மனம் வரவில்லை. வீட்டைச் சோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை, போனார்கள். ஆனால் மேலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வெள்ளை விரிப்பு மலையாகக் குவிகிற மூலையில் வெறும் தரை தெரிந்தது. அண்டாவுக்குக் கீழே பாதி நாள் சாம்பல். இரண்டு வேளை உலை ஒரு வேளையானது.

என்ன அக்கா கேட்கிறீர்கள்? உரக்கக் கேளுங்கள், அல்லது வலப்பக்கம் வந்து கேளுங்கள். கடிகாரம் கிடைத்ததா என்கிறீர்களா? கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரிய மனிதர் எங்கே கழற்றி வைத்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

இதைத்தான் நானும் அம்மாவிடம் கேட்டேன். "ஒருவேளை சித்தி எடுத்திருந்தா?"

அம்மா என்ன சொன்னாள், கேளுங்கள்.

"எடுத்திருந்தான்னா வீட்டுக்குள்ள வச்சு கன்னத்துல அறைவேன். அதுக்காக, எவனோ வந்து நின்னு கேட்டா, அவன் முன்னாடி அவளை விட்டுக்குடுக்க முடியுமா?"

விட்டுக்கொடுக்க முடியுமா.

போதகர் ஐயா, நீங்கள் தேடிய சட்டை இதுதான். எங்கள் சலவைக் கடையில் கிடந்தது. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் இருப்பதைப் பாருங்கள். "சண்டையில் கொஞ்சம் விட்டுக்கொடு" என்கிறோம். "அடுத்தவன் முன்னால் உன் ஆளை விட்டுக்கொடுக்காதே" என்றும் சொல்கிறோம். முதலாவது என் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. சண்டையில் அவள் இம்மியும் விட்டுக்கொடுத்தவள் இல்லை. இரண்டாவது அவளுக்கு மூச்சு. பிடித்தவளை விட்டுக்கொடுக்காதிருப்பது பாசம், அது எல்லாருக்கும் வரும். பிடிக்காதவளை, பேசாதவளை, தன் பெண்ணின் வாழ்வில் மண்ணைப் போட்டவளை விட்டுக்கொடுக்காதிருப்பதற்குப் பாசம் என்று பெயர் வைத்தால் பாசமே கோபித்துக்கொள்ளும். அதற்குத்தான் எபிரெயர்கள் ஒரு தனிச் சொல் வைத்தார்கள்.

'மறப்போம் மன்னிப்போம்' என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, நான் கேட்கிறேன். மறந்துபோன கை எதைப் பிடிக்கும்? என் அம்மா ஒன்றையும் மறக்கவில்லை. சித்தி சொன்ன சொல்லையும் மறக்கவில்லை, அவள் நம் வீட்டு ஆள் என்பதையும் மறக்கவில்லை. ஒரே ஞாபகம்தான் இரண்டையும் வைத்திருந்தது. பகையைக் காத்த அதே பெட்டிதான் பந்தத்தையும் காத்தது.

பிறகு இருவரும் பேசிக்கொண்டார்களா? கட்டிப்பிடித்து அழுதார்களா? இல்லவே இல்லை. மறுநாள் காலையில் அம்மா சுவரிடம், "தண்ணியைக் கொஞ்சம் கம்மியாத் தெளிச்சா நல்லது" என்றாள். அவ்வளவுதான். எனக்கு வேறு இடம் அமைந்து நான் வெளியூர் போனேன். அவர்கள் இரண்டு பேரும் தெருவின் சட்டைகளைத் தேய்த்து, சுவரோடு பேசி, சேர்ந்தே கிழவியானார்கள்.

அம்மா இறந்தபோது வந்தேன். அவளுக்குக் கடைசியாகப் போர்த்த வேண்டிய வெள்ளைத் துணியை யாரையும் தொடவிடவில்லை சித்தி. தானே கஞ்சி போட்டாள். தானே தேய்த்தாள். மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தாள். பிறகு அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அத்தனை வருஷத்துக்கும் பிறகு, நேருக்கு நேராக ஒரு வாக்கியம் சொன்னாள்.

"பாருக்கா. சுருக்கமே இல்ல."

கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அன்று நான் அவளோடு பேசவில்லை. காரியம் முடிந்ததும் ரயிலேறிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. என் வழக்கு வேறு, அம்மாவின் வழக்கு வேறு. கெட்டது என் சம்பந்தம்.

ஆனால் தலைவர் ஐயா, இன்று இத்தனை பேர் முன்னால் நீங்கள் இவளைக் காட்டி, "இவருக்கு யாருமில்லை" என்றீர்கள். நான் இந்த மேடையில் உட்கார்ந்திருந்தேன். நான் செய்ய வேண்டியது என்ன? ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். எழுந்து அழகாக நாலு வார்த்தை பேசி, பொன்னாடை வாங்கிக்கொண்டு, நகர்ந்துகொண்டால் போதும். நீங்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வீர்கள். நல்ல இல்லம் இது, குறை சொல்ல மாட்டேன். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, சன்னலெல்லாம் காற்று. ஒரு குறையும் வராது.

என்னால் நகர முடியவில்லை ஐயா.

யாருமில்லையா இவளுக்கு? இவள் எந்த நிறத்தில் எப்போது உடுத்தினாள் என்பதைச் சொல்ல உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறதே, அது யார்? இவளை நினைத்து இத்தனை வருஷம் தினமும் பல்லைக் கடித்தது யார்? அந்நியர்மேல் யாராவது இப்படிக் கோபத்தை வளர்ப்பார்களா? சொந்தம் இல்லாத இடத்தில் பகை முளைக்குமா? அநாதை என்று யாரைச் சொல்லலாம்? நினைக்க ஆளில்லாதவளைச் சொல்லுங்கள். இவளை நான் ஒரு நாள் நினைக்காமல் இருந்தேனா? பகையாளி இருக்கிறவள் அநாதையாக முடியாது. நான் இருக்கிறேன். நான் இவளுடைய பகையாளி. நான் இவளுடைய சொந்தம்.

கை தட்டாதீர்கள். தயவு செய்து தட்டாதீர்கள். நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துத் தட்டுகிறீர்கள். மன்னிக்கவில்லை. விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சித்தி, தலையை ஆட்டாதே. உன்னை நான் கேட்கவில்லை, சொல்கிறேன். என் வீட்டில் கீழறை ஒன்று சும்மா கிடக்கிறது. படி ஏற வேண்டாம். என்ன சொல்கிறாய்? யாராவது ஒலிபெருக்கியைக் கொஞ்சம் அவள் பக்கம் கொடுங்கள்.

கேட்டீர்களா? "உனக்கும் எனக்கும்தான் பேச்சே இல்லையே" என்கிறாள்.

பேச வேண்டாம். வந்து சாப்பிடு. அது போதும்.

"யாருமில்லைன்னு நான்தான சொன்னேன், இவங்களை ஏன் வையிற?" என்கிறாள். பாருங்கள், இப்போதும் உண்மையைத் தப்பான நேரத்தில்தான் பேசுகிறாள். நீ சொன்னது பொய், சித்தி. உன் ஆயுளில் நீ சொன்ன ஒரே பொய். அதை வீட்டில் வைத்துக் கேட்டுக்கொள்கிறேன். இவர்கள் முன்னால் கேட்கமாட்டேன்.

தலைவர் ஐயா, அந்த முதல் படுக்கையை, பகைக்கக்கூட ஆளில்லாத ஒருவருக்குக் கொடுங்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இந்த ஊரிலேயே இருப்பார்கள், தேடிப் பிடியுங்கள். அவர்களுக்கு இந்தச் சங்கமே ஹெசெத் ஆகட்டும். கடைசியில் நிற்கிற தம்பிமார்களில் இரண்டு பேர் வந்து இந்த நாற்காலியைப் படியிறக்கிக் கொடுத்தால் புண்ணியம். இடுப்பு இடிபடாமல் தூக்குங்கள். திட்டுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் கொடுத்த தலைவருக்கும், அளவான சட்டையைத் தேட வைத்த போதகர் ஐயாவுக்கும், சலசலத்தும் சிரித்தும் கண்ணைத் துடைத்தும் கடைசிவரை என்னோடு இருந்த தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் கைகூப்பிய நன்றி. வீட்டுக்குப் போங்கள். யாரோடு உங்களுக்குப் பேச்சில்லையோ, அவரைப் பற்றி நாளைக்கு எவனாவது வந்து கேட்டால் நகர்ந்துகொள்ளாதீர்கள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது. இரண்டு பேருக்கு இடம் பிடிக்க வேண்டும்.

வணக்கம்.